கனிஷ்கா சொல்லாத பெயர்

ஆகஸ்ட் 5, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. சுகாதார நிலையத்தில் என் மேசை இழுப்பறையில் ஏழு மாதம் சும்மா கிடந்தது. இன்று நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பகல் பதினொன்றரைக்கு என் மகள் கனியின் பள்ளியிலிருந்து போன். சர்க்கரை மாத்திரை கொடுக்கும் நாள். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். காய்ச்சலோ, மயங்கி விழுந்துவிட்டாளோ என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன்.

தலைமை ஆசிரியை மேசையில் கனியின் அறிவியல் ரெக்கார்டு நோட்டு. கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கையெழுத்துகள். ஒன்று கனியுடையது. இன்னொன்று கோழி கிளறிய மாதிரி இருந்தது.

"சாப்டியா?" "உப்புமா. அதெல்லாம் சாப்பாடா?" "இதயம் படம் வரைஞ்சு தரியா?" "யார் இதயம்?" "பயாலஜி இதயம், லூசு." "நாளைக்கு லீவு போட்டுராத." "ஏன்?" "சும்மா."

எட்டுப் பக்கம் இப்படியே. பையன் பெயர் எபினேசர். அதே ஒன்பதாம் வகுப்பு.

"மேடம், நீங்க கவர்மெண்ட் வேலைல இருக்கறவங்க, உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. பொம்பளப் புள்ள. பதினாலு வயசு. பேசாம கேர்ள்ஸ் ஸ்கூலுக்கு மாத்திருங்க. பையனுக்கும் டிசி குடுக்கப் போறோம்" என்றார். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று அச்சடித்த தாளும் பேனாவும் என் பக்கம் வந்தன.

"இதுல தப்பா எந்த வரி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"வரியில இல்லீங்க மேடம். எண்ணத்துல இருக்குது."

பேனாவை மூடி அவர் பக்கமே வைத்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்தேன். கையெழுத்துப் போடவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாலையில் மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது கனியையும் கூப்பிட்டேன். போர்வையை இருவரும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடித்தோம். அப்போதுதான் கேட்டேன்.

"ஆமா. புடிச்சிருக்குது. அதுக்கு என்ன இப்போ?" என்றாள். பயம் துளிக்கூட இல்லை.

"எங்கெல்லாம் போனீங்க?"

"எங்கயும் போகல. ஸ்கூல் கேட்டுல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடப்போம்."

"தொட்டானா?"

"ஒரு தடவை கையப் புடிச்சோம். நான்தான் புடிச்சேன். அவன் பயந்துட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. போர்வையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஒன்று எழுதி வைக்கிறேன். இதை நான் ஆதரிக்கவில்லை. பதினாலு வயதில் காதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பிடிக்கிறது என்றால் பிடிக்கத்தான் செய்யும். அதைக் கையெழுத்து வாங்கி நிறுத்த முடியாது. அவளிடம் சொன்னேன்: "என்கிட்ட மறைக்கக் கூடாது. எனக்குத் தெரியாம எங்கயும் போகக் கூடாது. போட்டோ கீட்டோ அனுப்பக் கூடாது. படிப்பு கொறையக் கூடாது. யாராவது உனக்குப் புடிக்காததச் செஞ்சா, அது அவனா இருந்தாலும், முதல்ல எனக்குத்தான் தெரியணும்."

"அப்ப திட்ட மாட்டியா?"

"திட்டுவேன். ஆனா ஸ்கூல விட்டு நிறுத்த மாட்டேன்."

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று வந்தது. அண்ணன் எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். அதோடு என் பள்ளி நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு இவர்தான் என்னைப் பிரைவேட்டாகப் பரீட்சை எழுத வைத்து, டி.பார்ம் வரை படிக்க வைத்து மருந்தாளுநர் ஆக்கினார். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

ஆகஸ்ட் 7, புதன்

அயர்ன் மாத்திரை ஸ்டாக் வந்தது. கனி இட்லி நான்கு சாப்பிட்டாள். பள்ளிக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இவரிடம் போனில் சொன்னேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார். போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது. மகளைப் பற்றிக் கத்திப் பேசும் விஷயமா இது?

"நீ என்ன பண்ணீட்டு இருந்த இத்தன நாளா?"

"வேலைக்குப் போயிட்டு இருந்தேனுங்க. சமைச்சுட்டு இருந்தேன்."

"டிசிய வாங்கிரு."

"வாங்க மாட்டேனுங்க."

போனை வைத்துவிட்டார். ராத்திரி அவரே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "கோகிலா, நான் ஆயிரம் மைல் தள்ளி இருக்கறேன். எனக்குப் பயமா இருக்குது. மச்சானுக்குச் சொல்லீட்டேன். அவரு பாத்துக்குவாரு."

அவர் பயந்ததில் தப்பில்லை. என் அண்ணனிடம் சொன்னதுதான் தப்பு. என் அண்ணன் எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 10, சனி

அண்ணன் சென்னியப்பன் வந்தான். சிமெண்ட் கடையிலிருந்து நேராக, சட்டையில் தூசியோடு. கனிக்குப் பிடிக்கும் என்று தேங்காய் பன் வாங்கி வந்திருந்தான். குழந்தையாக இருந்தபோது அவளுக்கு நடை பழக்கியவன் அவன்தான். அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது.

சத்தம் போடவில்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

"பேர மட்டும் சொல்லு சாமி. எந்தத் தெருப் பையன்னு சொல்லு. மாமன் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

கனி பன்னைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னா பேரு எதுக்குங் மாமா?"

அண்ணன் விடவில்லை. மறுபடி கேட்டான். மறுபடி மறுபடி. அரை மணி நேரம் இருக்கும். கெஞ்சினான், "உங்கப்பன் மானம் போகுது" என்றான், கடைசியில் மிரட்டினான். அவள் வாயே திறக்கவில்லை. முகம் சிவந்து, கண்ணீர் வழிந்து பன் நனைந்தது. பெயர் வரவில்லை.

என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு. உனக்குத் தெரியாம இருக்காது."

"தெரியாது."

"அன்னைக்கு ஒரே வார்த்தைல சொன்னீல்ல? அதனாலதான குடும்பம் தப்பிச்சுது?"

"எனக்குத் தெரியாதுண்ணா."

"சரி. திங்கக்கெழம ஸ்கூல்ல கேட்டா சொல்லப் போறாங்க" என்று எழுந்துபோனான்.

கதவைச் சாத்தித் திரும்பினால் கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு என்ன சொன்னம்மா?"

அரிசி ஊறப் போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் கறி எடுத்து வந்தேன். சின்ன வெங்காயம் உரித்தேன். மிளகு வறுத்தேன். கனியின் தலைக்கு எண்ணெய் வைத்தேன். வைக்கும்போது அவள் திரும்பாமல் மறுபடி கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை எழுதியது பொய். பெயரை அண்ணன் கண்டுபிடிக்கவில்லை. நான் சொன்னேன்.

தினகரன். என் வகுப்பு. ஆங்கிலம் நன்றாக வாசிப்பான். எனக்கு ஒரு கடிதம் கொடுத்தான், நானும் ஒன்று கொடுத்தேன். பெயர் போடாத அந்தக் கடிதத்தை என் பையிலிருந்து எடுத்த அண்ணன், "பேர மட்டும் சொல்லு, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றான். அப்பா பெல்ட்டோடு கதவருகே நின்றார். எனக்கு அடி விழுந்துவிடும் என்று பயம். சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே ஐந்து பேர் அவனை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போனார்கள். அடியில் இடது காது கேட்காமலே போய்விட்டது என்றார்கள். அந்தக் குடும்பமே ஊரை விட்டுப் போனது. எனக்கு ஓர் அடிகூட விழவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை.

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"தெரியாது கண்ணு."

"கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"நீ சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"ஆமா" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேனோ என்னவோ. கட்டிக்கொள்ளவில்லை. எழுந்துபோய்க் குளித்தாள். அவள் செய்தது சரி.

மதியம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எபினேசர் வீட்டுக்குப் போனேன். தறிக் குடோனை ஒட்டிய லைன் வீடு. ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடியது. அவன் அம்மா எஸ்தர் தலையில் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்தாள். நான் யார் என்று சொன்னதும் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு எனக்குக் கூசியது.

"மேடம், நாங்க அவன நிறுத்தீர்றோமுங். நாளைக்கே டிசி வாங்கீர்றோம். அவங்கய்யன் ஈரோட்டுல ஒரு பட்டறைல சொல்லி வெச்சிருக்காரு."

"வேண்டாங்க. நிறுத்தாதீங்க. நான் பாத்துக்கறேன்."

எஸ்தர் ஒப்பவில்லை. "உங்களுக்குத் தைரியம் இருக்குதுங்க மேடம். நீங்க தைரியமா இருந்தா உங்க சொந்தக்காரங்களோட பேச்சு நிக்கும், போக்குவரத்து நிக்கும். நாங்க தைரியமா இருந்தா எம்பையன் இருப்பானுங்களா?"

வழியெல்லாம் மனதுக்குள் பேசி வைத்திருந்த வீர வசனத்தை விட்டுவிட்டேன். பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். மீசைகூட அரும்பவில்லை. காலில் ஒரு சைஸ் பெரிய செருப்பு.

"நாளைக்கு ஒரு நாள் அவன ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டாம். உங்க கூடயே வெச்சுக்குங்க. டிசி மட்டும் வாங்காதீங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பித்தான் தலையாட்டினாளா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பின்னால் யாராவது கேட்டால் வேண்டும்.

எட்டரைக்குக் காவல் நிலையம். ராத்திரியே மனுவை இரண்டு பிரதி எழுதி வைத்திருந்தேன். 'என் மகளுடன் படிக்கும் மாணவனுக்கு என் உடன்பிறந்த அண்ணனால் ஆபத்து வரலாம்.' பெயர், முகவரி, கடை விலாசம், போன் நம்பர், எல்லாம். 1999இல் வாய்க்கால் கரையில் நடந்ததையும், எனக்குத் தெரிந்தவர்கள் பெயரோடு, எழுதினேன். அதை எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது. எழுதினேன்.

படித்துவிட்டு எஸ்.ஐ. சிரித்தார். "என்னம்மா, சொந்த அண்ணன் மேலயா? குடும்ப விசயம், பேசித் தீத்துக்கலாம்ல?"

"பேசறதுக்குத்தான் சார் போறேன். அதுக்கு முந்தி இது உங்ககிட்ட இருக்கோணும்."

"இன்னும் ஒண்ணுமே நடக்கலியேம்மா."

"நடந்ததுக்கப்பறம் வந்தா காது திரும்பி வராது சார்."

ரசீது வாங்காமல் எழுந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கொடுத்தார். பக்கத்துக் கடையில் மனுவையும் ரசீதையும் மூன்று நகல் எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பள்ளி. தலைமை ஆசிரியையிடம், "என் பொண்ணு இங்கயேதான் படிப்பா. அந்தப் பையனும்தான். டிசி குடுக்கறதா இருந்தா 'நோட்டுல சாப்டியான்னு எழுதுனான்'னு காரணத்தையும் எழுதிக் குடுங்க. நான் கலெக்டர் ஆபீஸ்ல குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுல காட்டிக்கறேன்" என்றேன். வேண்டுமானால் வேறு வேறு செக்ஷனில் போடுங்கள், பாடவேளையில் பேசக் கூடாது என்று சொல்லுங்கள், அதற்கெல்லாம் நானும் உங்கள் பக்கம் என்றும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, "காலைல உங்க அண்ணன் போன் பண்ணுனாருங்க மேடம். பையன் பேரு, அட்ரஸ் கேட்டாரு" என்றார்.

"குடுத்துட்டீங்களா?"

"தாய்மாமன்னு சொன்னாரு..."

எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. போகிற வழியில் நிறுத்தி எஸ்தருக்குப் போன் செய்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவில், "இங்கதானுங் இருக்கறான், என்ற பக்கத்துலயே" என்றாள்.

அண்ணன் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மூட்டை இறக்கும் ஆட்கள், இரண்டு மேஸ்திரிகள், அவனுடைய சேக்காளிகள் இருவர். அந்த இருவரும் 1999இல் வாய்க்கால் கரைக்குப் போனவர்கள். இப்போது தலை நரைத்திருக்கிறது. அண்ணன் போனில் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வைத்தான்.

"வா கோகிலா. பேரு தெரிஞ்சுபோச்சு. நீ வீட்டுக்குப் போ."

நான் உட்காரவில்லை. மனு, ரசீது இரண்டின் நகலையும் கல்லாவின் மேல் வைத்தேன்.

"அன்னைக்கு நீ கேட்ட, ஒரு பேரு சொன்னேன். இன்னைக்கு யாரும் கேக்காமயே ஒரு பேரு எழுதிக் குடுத்திருக்கறேன். உன்ற பேரு."

அவன் படித்தான். படிக்கப் படிக்க முகம் என்னென்னவோ ஆனது.

"என்ற மேலயா? கூடப் பொறந்தவன் மேலயா?"

"ஆமா. தினகரன் விசயமும் அதுல இருக்குது. இவிய ரெண்டு பேர் பேரும் இருக்குது." அந்த இருவரையும் காட்டினேன். "அந்தப் பையன் சைக்கிள்ல இருந்து விழுந்து முட்டி தேஞ்சாக்கூட நான் முதல்ல ஸ்டேஷனுக்குத்தான் போவேன்."

"உன்ற புள்ளயக் கெடுத்துப் போட்டுட்டு வந்து பேசறியா?"

"என்ற புள்ள கெடல. அரை மணி நேரம் நீ கேட்டும் அவ வாயத் தொறக்கல. எனக்கு அந்த வயசுல அந்தத் தைரியம் இல்ல. இருந்திருந்தா ஒருத்தனுக்குக் காது இருந்திருக்கும்."

அந்த இருவரில் ஒருவர் எழுந்து, யாரையும் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இனி எனக்குத் தங்கச்சியில்ல" என்றான் அண்ணன். குரல் உடைந்தது. அவன் அழுவான் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வைத்த தாளை நான் திரும்ப எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எபினேசர் பள்ளிக்கு வந்தான் என்று கனி சொன்னாள். வேறு செக்ஷன்.

ஆகஸ்ட் 24, சனி

இவர் வந்திருக்கிறார். ரிக்கை ஆட்களிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் ரயிலில். தினகரன் கதையை நான் சொல்லச் சொல்ல, கையிலிருந்த காபி ஆறி ஏடு கட்டியது.

"இது தெரிஞ்சிருந்தா நான் மச்சானுக்குச் சொல்லியிருப்பனா?" என்றார் கடைசியில்.

"அதனாலதானுங்க உங்கள நான் திட்டல."

மகள் விஷயத்தில் அவர் மனம் மாறவில்லை. "இந்த வயசுக்கு இது வேண்டாம். அவ்வளவுதான் என்ற பேச்சு" என்றார். சொல்லட்டும். அப்பாவுக்கு அந்த உரிமை உண்டு. கனியும், "உங்களுக்குப் புடிக்கலைன்னு தெரியுதுங்ப்பா. ஆனா உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். அவர் தலையைத் தடவிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 7, சனி

எங்கள் ஏற்பாடு இது. கனியும் அந்தப் பையனும் சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம், என் போனில், ஸ்பீக்கரில் போட்டு, கூடத்தில் உட்கார்ந்து பேசலாம். எஸ்தருக்கும் சம்மதம். இவர் ஒப்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வீட்டுக்கு வருவது போவதெல்லாம் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஒத்துக்கொண்டேன். என் தைரியத்தை அவள் பையன் தலையில் ஏற்றக் கூடாது.

இன்று முதல் நாள். சமையலறையில் பீன்ஸ் அரிந்துகொண்டே அவர்கள் பேச்சைக் கேட்டேன். ஐந்து நிமிடம் இருவரும் "அப்பறம்?" "அப்பறம் நீதான் சொல்லணும்" என்றே ஓட்டினார்கள். பிறகு ஒளி விலகல் கணக்கு. இதற்காகவா என்று எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அவ்வளவு சின்ன விஷயம். அதற்கு ஒருவனை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போனார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அண்ணன் பெண்ணுக்கு நிச்சயம். எங்களுக்குச் சொல்லவில்லை. பட்டுப்புடவையைப் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். மதியம் மூவரும் தக்காளி சாதம் சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை. இவர்தான், "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க" என்று என் தட்டில் வைத்தார்.

நவம்பர் 3, ஞாயிறு

காலையில் கனி அடுப்படிக்கு வந்து மேடையில் ஏறி உட்கார்ந்தாள். "அம்மா, நான் அவன்கிட்ட சொல்லிட்டேன். இனி சனிக்கெழம பேச வேண்டாம்னு."

"ஏன், என்னாச்சு? ஏதாவது தப்பாப் பேசினானா?"

"அதெல்லாம் இல்ல. நான் படம் வரையறது பத்திச் சொன்னா அவன் கேக்கவே மாட்டேங்கறான். எப்பப் பாரு கிரிக்கெட்டு. ரெண்டு மாசமாப் பாத்துட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். "அவன் மூஞ்சி சுருங்கிப்போச்சும்மா. நான் கெட்டவளா?"

அடுப்பை அணைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அவளும் என்னைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொன்னேன். பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது கெட்டதில்லை என்று சொன்னேன். வேறொன்றும் புத்தி சொல்லவில்லை. நன்றாக அழுதுவிட்டு இரண்டு தோசை சாப்பிட்டாள்.

மதியம் எஸ்தருக்குப் போன் செய்தேன். "ஆமாங்க மேடம், மொகத்தத் தூக்கி வெச்சுட்டுப் படுத்திருந்தான். இப்பத்தான் பேட்டைத் தூக்கிட்டு வெளையாடப் போயிருக்கான்" என்றாள். முதல் தடவையாக அவள் சிரித்துக் கேட்டேன்.

எப்படித்தான் சேதி போகிறதோ, சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். மூன்று மாதத்தில் முதல் போன்.

"என்ன கோகிலா, முடிஞ்சுபோச்சாமே? இதுக்கா கூடப் பொறந்தவர ஸ்டேஷன் வரைக்கும் இழுத்த?"

"ஆமாங்க்கா, முடிஞ்சுது. அவளே ஆரம்பிச்சா. அவளே முடிச்சா. யாருக்கும் அடிபடல."

அண்ணி போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பதில் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.